அக்காவின் அளவு

நண்டுக்குப் பத்து வயது. வீட்டில் அவளை நிஜப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கல்லூரி விடுதியில் ஒரு வருடம் இருந்துவிட்டு அவளுடைய அக்கா விடுமுறைக்கு வந்திருந்தாள். போனபோது இருந்ததைவிட நன்றாகவே பருத்திருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மருத்துவர் சுருக்கமாகத்தான் சொன்னார். பொரித்ததையும் இனிப்பையும் குறைக்க வேண்டும், காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும், பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது. அம்மா அதில் பாதியைத்தான் காதில் வாங்கினார்.

அம்மா தையற்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. போன வருடத்து அளவில் அக்காவுக்கு ஒரு புதுச் சட்டை தைத்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினார். விடுமுறை முடிவதற்குள் இதை நீ போட வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து அக்காவின் தட்டில் மட்டும் உப்பில்லாத அவித்த காய், அதுவும் இத்தனூண்டு. அம்மா, அப்பா, நண்டு மூவருக்கும் பொரித்த உருளைக்கிழங்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவின் இடுப்பளவு அம்மா வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் ஏறியது.

மூன்றாம் வாரம் அளவு ஒரு விரல் கூடியிருந்தது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நண்டு மெல்லக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அக்கா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள், அழுதுகொண்டே.

"அம்மாகிட்ட சொல்லிடாத. பசி தாங்க முடியல. தின்னா என் மேலயே வெறுப்பா வருது. நான் இனிமே காலேஜுக்கே போகல, நண்டு. அந்தச் சட்டை எனக்கு எந்த ஜென்மத்துலயும் பத்தாது."

நண்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் அழுகை நிற்கிற மாதிரித் தெரியவில்லை.

பிறகு நண்டு எழுந்து போய் மாட்டியிருந்த அந்தச் சட்டையை எடுத்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பினாள். யாருக்குத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடுவது அம்மாவின் வழக்கம். ஆள் பருத்தால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இந்தச் சட்டையிலோ துணி தையலை ஒட்டி வெட்டப்பட்டிருந்தது.

நண்டு அதை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"எல்லாருக்கும் உள்ளே துணி விட்டுத்தானேம்மா தைப்ப? அக்காவுக்கு மட்டும் ஏன் விடல?"

அம்மா தையலைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"நாளையிலேருந்து அக்கா சாப்பாட்டையே எனக்கும் போடு," என்றாள் நண்டு. "ஆனா உப்பு போடும்மா. இப்ப இருக்கிறத மாடுகூடத் தின்னாது."

மறுநாள் மதியம் நான்கு தட்டிலும் ஒரே சாப்பாடு. உப்புப் போட்ட காய், முட்டை, அளவாகச் சோறு. உருளைக்கிழங்கு எங்கே என்று கேட்க வாயெடுத்த அப்பா, நண்டு முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா அக்காவின் கதவைத் தட்டினார்.

"இனிமே அளவெல்லாம் எடுக்க மாட்டேன்டி. தப்பு என்னோடதுதான். சாப்பிட வா."

கதவு திறக்கவில்லை. மூவரும் மேசையில் காத்திருந்தார்கள். சாப்பாடு ஆறியது. அக்கா வரவே மாட்டாளோ என்று நண்டுக்கு அழுகை முட்டியது.

கடைசியில் வீங்கிய கண்களோடு அக்கா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் மற்ற மூவரும் தட்டில் கை வைத்தார்கள்.