பூட்டிய ஃபோல்டருக்குள் தாத்தா!

குன்னூர் வீட்டின் முன்னறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் சர்வீஸ் முடித்த கொர்னேலியஸ். அவர் மனைவி தபித்தாள். லேப்டாப்பும் கையுமாக மகன் அலன். சர்ச் கமிட்டிச் செயலாளர் பிரிஸில்லா டீச்சர்.

அலறியவர் ஒருவர்தான்.

"ஐயோ! தாத்தாவை அழிச்சுட்டானுக!"

கொர்னேலியஸ்!

தாத்தா போய் அறுபது வருடம் ஆகிறது. காணாமல் போனது அவர் எழுதிய கடிதம். 'இந்த மணியைத் தேவாலயத்துக்கு அளிக்கிறேன்' என்ற கடிதம். கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. போன மழையில் சுவர் கசிய, காகிதம் கூழாவதற்குள் அலன் சட்டத்தைக் கழற்றி ஸ்கேன் எடுத்துவிட்டான்.

பதினொரு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. கடிதத்தைக் காட்டினால் மணிக்குக் கீழே பளிங்கில் தாத்தாவின் பெயர். காட்டாவிட்டால்... வெறும் பளிங்கு!

இப்போது பத்து நாற்பது.

"அழியலைங்கப்பா. லிஸ்ட்ல இருக்குது பாருங்க."

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. அலன் மவுஸைத் தொடாதவன். கட்டளைகளைத் தட்டியே ஃபைல்களை டெர்மினலில் மேய்கிறவன். கடிதத்தின் மேல் என்டர் தட்டினான். பி.டி.எஃப் காட்டும் ஆப் திறந்தது...

'அப்படி ஒரு ஃபைல் இல்லை!'

"நீ இருக்குதுங்கற... அது இல்லைங்குது! எவனோ ஹேக் பண்ணிட்டான். போலீஸைக் கூப்புடு!"

"ஏனுங்க, கொஞ்சம் மூச்சு உடுங்க" என்றாள் தபித்தாள்.

பிரிஸில்லா டீச்சர் எழுந்தார். "நான் கெளம்பட்டுங்களா ஐயா?"

"நில்லுங்க டீச்சர்! எங்க குடும்பம் பொய் சொன்னதில்ல!"

தலையைச் சொறிந்த அலன் சட்டென்று நிறுத்தினான்.

"குற்றவாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்கப்பா."

"யாருடா?"

"நீங்கதானுங்க."

"என்னது!"

"நம்மூட்டுக்கு வர்றவங்களை முன் ரூமைத் தாண்டி உடமாட்டீங்கல்ல? இந்த ஆப்பும் அப்படித்தானுங்க. சேண்ட்பாக்ஸ்ல கெடக்குது. நாம அனுமதிச்ச ஃபோல்டர் மட்டுந்தான் அதுக்குத் தெரியும். இந்த லிஸ்ட்டைக் காட்டுற ஃபைல் மேனேஜர் வீட்டாளு, எல்லா ரூமும் பாக்கும். அது அட்ரஸ் குடுக்குது. விருந்தாளி போய்ப் பாத்தா, ரூமே காணோம்!"

"அதுக்கு நான் என்னடா பண்ணினேன்?"

"'கண்ட ஆப்பும் குடும்பப் பேப்பரைப் பாக்கக் கூடாது, பூட்டு'ன்னு கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கத்தினது யாருங்க?"

தபித்தாள் இருமினாள். அது இருமல் இல்லை.

"சரி... திற! அந்த ஒரு ஃபோல்டரை மட்டும். படிக்க மட்டும். தொடக் கூடாது!"

அலன் ஒரு வரி தட்டினான். ஆப்பை மூடித் திறந்தான். என்டர்!

பளிச்சென்று வந்தது கடிதம்!

கொர்னேலியஸ் எழுந்து விறைப்பாக நின்றார். தபித்தாள் அவருடைய நாற்காலியை டீச்சருக்காக லேப்டாப் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"ரெண்டு பக்கம் இருக்குதுங்களே?" என்றார் டீச்சர்.

"பின்பக்கமும் எழுத்து இருந்துச்சுங்க. பொடிசு. படிக்கலை. ஸ்கேன் மட்டும் பண்ணினேன்."

அந்த மழை வரை, மூன்று தலைமுறையாக அந்தச் சட்டத்தை யாரும் கழற்றியதில்லை. குடும்ப மரியாதை!

டீச்சர் உரக்கப் படித்தார்.

"'...பாஸ்டர் ஐயா, இது எஸ்டேட் பேக்டரி மணி. துரைக்குத் தெரியாமல் கழற்றி வந்தேன். என் பெயரை எங்கும் போட வேண்டாம். போட்டால் பிடித்துவிடுவார்கள்.'"

கொர்னேலியஸ் பதறினார்.

"பூட்டுடா! மறுபடி பூட்டு!"

"எதுக்குங்க ஐயா?" டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "அவரு ஆசைப்படியே செஞ்சுரலாம்."

அதைக் கேட்டுக் கொர்னேலியஸ் மயங்கி விழுந்தார் என்று குன்னூரில் ஒரு வதந்தி உலவுகிறது.

தவறு!

அவர் கம்பீரமாகத்தான் உட்கார்ந்தார். நாற்காலிதான் அங்கே இல்லை.