உள்ளேயிருந்து மூன்று தட்டு

கண்ணாடியில் ஈரம் உள்பக்கம் இருந்தது.

வெளிப்பக்கம் விரல் கனத்துக்குத் தூசி. உள்ளங்கையால் அதை வழித்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. மழைநாளில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனால் கார் கண்ணாடி இப்படி இருக்கும். இதுவோ வருஷக்கணக்கில் ஆள் ஏறாத கார்.

"தண்ணி உள்ள எறங்கியிருக்கு," என்றான் மனைவியிடம், குரலைத் தணித்து. "கார்பெட் ஊறிக் கெடக்கும். அதான் ஆவி."

காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டால் அவனுக்குப் பயம் விட்டுப்போகும். அப்படித்தான் இத்தனை நாளும்.

அவன் டிங்கர். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவன். விரல் முட்டியால் தகட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு, எங்கே இரும்பு, எங்கே ஓட்டையை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவான். ஷெட்டில் அவனுக்குப் பெயரே 'காது'. ஷெட் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். "எங்க மாப்பிள்ளைக்குக் காது மட்டும்தான் சொந்தம், மத்ததெல்லாம் என்னுது," என்று வாடிக்கைக்காரர் முன்னால் மச்சான் ஒருநாள் சொன்னதும், மொத்த ஷெட்டும் சிரித்ததும், சாப்பாடு கொண்டுவந்த இவள் வாசலில் நின்றதும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது.

அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள். "ஒரு பழைய வண்டியை எடுங்க. நீங்களே நிமித்துங்க, நீங்களே வித்துக் காட்டுங்க. அப்புறம் எங்கண்ணன் எந்த வாயால பேசறான்னு நான் பாத்துக்கறேன்."

அதிலிருந்து பார்த்த வண்டியெல்லாம் அப்பளம். கை வைத்தால் உதிர்ந்தது. இவள் சலிக்கவில்லை. அவனுக்குத்தான் நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது.

இந்தக் கார் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவின் வீட்டுப் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள் கிடந்தது. வளைவுகள் ஒன்றும் நசுங்காத பழைய கார். டயர்கள் இற்றுப்போய், மண் தரையில் புதைந்து, அடிவயிறு தரையோடு படிந்திருந்தது. குனிந்து கையை நுழைத்துப் பார்த்தான். விரல்கூட இறங்கவில்லை.

பானெட்டில் தட்டினான். டங்.

சுத்தமான இரும்பு. கதவில் தட்டினான். கூரையில் தட்டினான். எங்கேயும் பட்டி இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு உடம்பா என்று கதவை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தான். கடைசியாக டிக்கியில் தட்டினான். டங். கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து, சின்னதாக இன்னொரு டங்.

காலி டிக்கி. எதிரொலி.

"இவ்வளவு நாளா ஏன்மா விக்காம வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"யாரு சொன்னா?" டீச்சரம்மா கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றாள். "வித்துக்கிட்டேதான்மா இருக்கேன். வாங்கறவங்க வண்டியை இங்கயே விட்டுட்டுப் போயிடறாங்க."

"எங்க வீட்டுக்காரர் விடமாட்டாரு. என்னைய விட்டாலும் விடுவாரு, வண்டிய விடமாட்டாரு."

டீச்சரம்மா சிரிக்கவில்லை. அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், அளவெடுக்கிற மாதிரி. "உள்ள உக்காந்து பாக்கணுமா?"

உட்காரத்தான் வேண்டும். மறைந்த ஓட்டைகளைக் கண்டுபிடிக்கப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு வழி வைத்திருந்தார்கள். கார்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அவன் இருட்டில் உள்ளே உட்காருவான். அவள் வெளியே வயர் வைத்த கைவிளக்கைச் சக்கர வளைவிலும் கதவடியிலும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவாள். தகட்டில் எங்கே துரு தின்றிருக்கிறதோ அங்கே வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி உள்ளே குத்தும். அவன் சாக்பீஸால் குறித்துக்கொள்வான். பேச்சு கிடையாது. விற்கிறவர் காதில் 'ஓட்டை' என்று விழுந்தால் முகம் சுருங்கும், 'நல்லாருக்கு' என்று விழுந்தால் விலை ஏறும். அதனால் எல்லாம் தட்டுதான். அவள் வெளியே ஒன்று தட்டினால், குறித்துவிட்டு அவனும் ஒன்று தட்டுவான். அவள் நகருவாள். முடிவில் அவன் இரண்டு தட்டினால் வேண்டாம், கிளம்பு. மூன்று தட்டினால் எடுத்துக்கொள்வோம்.

மூன்று இதுவரை தட்டியதேயில்லை.

மழைக்கு மேகம் கட்டி, சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஏறினான். ஊறிய ரெக்சின் வாசனை, அதற்கடியில் இன்னொரு வாசனை. ரொம்ப நேரம் தூங்கியவர் போர்வையை விலக்கினால் வருமே, அந்த வெதுவெதுப்பான உடம்பு வாசனை. அவள் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தார்ப்பாய் சரசரவென்று கண்ணாடிகள்மேல் இறங்கியது. இருட்டு.

கொஞ்ச நேரத்தில் முன் சக்கரத்தருகே வெளிச்சம் வந்து, தார்ப்பாய் லேசாக வெளுத்தது. ஒரு தட்டு.

தகட்டில் ஒரு புள்ளிகூடக் குத்தவில்லை. ஓட்டை இல்லை. பதிலுக்குத் தட்டினான்.

வெளிச்சம் நகர்ந்தது. கதவடி. ஒரு தட்டு. அங்கேயும் இல்லை. உற்சாகம் தாங்கவில்லை அவனுக்கு. இதை நிமிர்த்தவே வேண்டாம், பெயின்ட் அடித்தால் போதும், மச்சான் ஷெட்டுக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தலாம் என்று மனசு எங்கேயோ போய்விட்டது. முன் சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கினான். பின் சீட்டின் காலடியில் படுத்துக்கொண்டு காத்திருந்தான்.

தட்டு வந்தது. பதில் தட்டினான். அடுத்த தட்டு கூரையில்.

கூரையில் எதற்கு? அங்கேதான் தார்ப்பாய் மூடியிருக்கிறதே. விளையாடுகிறாள் போல. பதில் தட்டினான்.

அடுத்த தட்டு அவன் முதுகுக்குக் கீழே.

கார்பெட்டின் இற்றுப்போன இடங்கள் வழியே வெளிச்சம் ஊசி ஊசியாக மேலே வந்தது. அவன் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. கீழேயிருந்து வெளிச்சம். விரல்கூட இறங்காத இடத்திலிருந்து வெளிச்சம். அது மெதுவாக நகர்ந்தது. முதுகிலிருந்து கழுத்துக்கு. கழுத்திலிருந்து காதுக்கு.

தட்டு. காதுக்கு நேர் கீழே.

பதிலுக்குக் கை போகவில்லை.

"ஏங்க," என்று கொட்டகை வாசலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. ரொம்பத் தள்ளி. "வயரு எட்டலைங்க. டீச்சரம்மா வேற வயரு எடுத்துத் தர லேட்டாயிடுச்சு. இப்பதான் வர்றேன். ஆரம்பிக்கலாமா?"

கீழே வெளிச்சம் அணைந்தது.

அவன் கத்தினான். தொண்டை கிழிந்தது. சத்தம் அவன் காதுக்கே வரவில்லை.

கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் திருகினான். சும்மா சுற்றியது. முட்டியால் கதவைக் குத்தினான். தோல் உரிந்தது. இரும்பு வாயைத் திறக்கவில்லை. சத்தத்தை வைத்தே பிழைத்தவன். பஞ்சில் குத்துகிற மாதிரி குத்திக்கொண்டே இருந்தான்.

முன் சக்கரத்தருகே வெளிச்சம் வந்தது. இது நிஜ வெளிச்சம், மஞ்சள். அவள் தட்டினாள்.

முன் சீட்டிலிருந்து பதில் வந்தது. ஒரு தட்டு. அவன் தட்டுகிற அதே தட்டு.

அவள் நகர்ந்தாள்.

இவன் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக்கிக்கொண்டான். முன் சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ வசதியாகச் சாய்ந்துகொள்கிற சத்தம். மூச்சு. ஈரமான, நிதானமான மூச்சு.

அவள் தட்டினாள். அது தட்டியது. அவள் நகர்ந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் நடை வேகமாகிக்கொண்டே வந்தது. ஓட்டை இல்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. சுற்றி முடித்து நின்றாள். காத்திருந்தாள்.

ரெண்டு, என்று மனசுக்குள் கதறினான். ரெண்டு தட்டு. வேண்டாம்டி. கிளம்பு. காலால் உதைத்தான். தலையால் மோதினான். ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு. ஒரு சத்தமும் இல்லை.

முன்னாலிருந்து வந்தது.

டங்.

டங்.

டங்.

வெளியே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள். சிரிக்கிறாள். "எடுத்துக்கறோம், டீச்சரம்மா," என்றாள் உடைந்த குரலில்.

"சரிம்மா," என்றாள் டீச்சரம்மா. "கதவைத் திற. அவர் வரட்டும்."

தார்ப்பாய் விலகியது. முன் கதவு திறந்தது. விளக்கு முன் சீட்டைக் காட்டியது. பின்னால் காலடியில் கிடந்தவன்மேல் அந்த வெளிச்சம் விழவில்லை.

"எறங்குங்க. சட்டையெல்லாம் தூசி."

அது இறங்கியது. அவன் உயரம். அவன் சட்டை. இவன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். வெறும் தோல். ஜில்லென்று.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தூசி வழித்துவிட்ட கண்ணாடியில் உள்பக்க ஈரத்தையும் துடைத்துவிட்டுப் பார்த்தான். அது இவனுக்கு முதுகைக் காட்டி நின்றது. அவள் அதற்குச் சற்று முன்னால் ஒரு பக்கமாக, கார் பக்கம் முகமாக நின்று, கையை எட்டி அந்த முதுகைத் தட்டித் தூசியை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். என்னங்க, பேச்சையே காணோம்? இப்படித் திரும்புங்க. கன்னத்துல என்னமோ ஒட்டியிருக்கு."

கைவிளக்கை உயர்த்திப் பிடித்தாள்.

அது அவள் பக்கம் திரும்பியது.

அவனுக்குத் தெரிந்தது அவள் முகம் மட்டும்தான். அவள் கத்தவில்லை. பின்வாங்கவில்லை. உயர்த்திய கை உயர்த்தியபடி நின்றது. சிரிப்பு மட்டும், எடுத்துவைக்க மறந்துபோன மாதிரி, உதட்டில் அப்படியே இருந்தது. விளக்கைச் சுற்றி மொய்த்த மழைப்பூச்சிகள் ஒவ்வொன்றாக விலகி, எதிரே அந்த முகம் இருந்த பக்கம் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.