வெள்ளக் கட்டுரையின் கடைசிக் குறிப்பு

"பக்கம் இருந்துச்சு சார், என் கண்ணால படிச்சேன், அதுல..."

"இருந்தது எங்கே போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா? உன்கூடச் சேர்ந்து என் பேருமில்ல நாறுது."

"இல்லாததை நான் ஏன் சார் எழுதப் போறேன்..."

"அதை நீதான் சொல்லணும்."

நெறியாளரும் ஆய்வு மாணவியும் இப்படி ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தபோது, விசாரணை அதிகாரி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போலீஸிலிருந்து ஓய்வு பெற்றபின், பல்கலைக்கழகத்தில் பொய் ஆய்வுகளைத் துருவுகிற அம்மாள். ஆசிரியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சல்லடை. தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். மாணவியின் ஆய்வேடு ஆற்றோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றியது. முன்காலத்தில் அந்தக் கிணறுகளில் இருந்த உப்பின் அளவை ஓர் இணைய ஆய்விதழின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தாள். மூன்றாம் அத்தியாயமே அதன்மேல்தான் நின்றது. தேர்வாளர் தேடிப் பார்த்தார். கட்டுரை இல்லை, ஆய்விதழ் இல்லை, எழுதியவர் என்று ஓர் ஆள் எங்கேயும் இல்லை. அவளே இட்டுக்கட்டியது என்று முடிவானால் பட்டம் போகும். துறையில் காலியாக இருந்த ஒரே விரிவுரையாளர் வேலையும் போகும். அதன்பின் எந்தக் கல்லூரி வாசலும் அவளுக்குத் திறக்காது.

சல்லடை நெறியாளரை வெளியே அனுப்பினார்.

"ஏம்மா, அந்தக் கட்டுரையை எப்படிப் புடிச்சே?"

"தேடினதும் முதல்ல வந்து நிக்கறதை எடுக்க மாட்டேன் மேடம். யாராவது கைகாட்டினாலும் எடுக்க மாட்டேன். நல்ல கட்டுரை எதை ஆதாரமாக் காட்டுதோ அது வழியாத்தான் போவேன். வெள்ளத்தைப் பத்தி ஒரு பழைய கட்டுரை இருக்கு. எல்லாரும் மதிக்கறது. அதோட ஆதாரக் குறிப்புல கடைசியா இது இருந்துச்சு."

"அந்த வெள்ளக் கட்டுரையை எங்கே படிச்சே?"

"துறையோட பொதுக் கோப்புறையில. எல்லாரும் படிக்கலாம், ஆனா சார், என் வீட்டுக்காரர், நான், மூணு பேர்தான் அதுல கை வைக்கலாம்."

"இந்த வழியா வந்தேன்னு யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"அந்த வேலைக்கு ரெண்டு பேரும் மனுப் போட்டதுலேர்ந்து வீட்டுல ஆராய்ச்சிப் பேச்சே கிடையாது. சண்டை வரும், வேண்டாம்னு அவர்தான் சொன்னார். இப்பக்கூடத் துணைக்கு வந்து வாசல்ல நிக்கறார், பாவம்."

"பாவந்தான்," என்றார் சல்லடை.

அடுத்து நெறியாளர். "கோப்புறையா? எனக்கு அதைத் திறக்கவே தெரியாது மேடம். எது வேணும்னாலும் டவுன்லோடு அண்ணனைத்தான் கேப்போம்."

"யார் அது?"

"இவ புருஷன்தான். பசங்க வெச்ச பேர். எந்தக் கட்டுரையானாலும் நிமிஷத்துல இறக்கிப் போட்டுடுவான். தங்கமான பையன்."

தங்கமான பையன் மனைவியின் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி வந்தான்.

"அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா மேடம். கொஞ்ச நாளாத் தூக்கமில்ல. இல்லாதது இருக்கற மாதிரித் தோணியிருக்கும்."

"அப்படி ஒரு கட்டுரையே இல்லேங்கறீங்களா தம்பி?"

"அதுவும் சொல்ல முடியாது. வெள்ளக் கட்டுரையோட கடைசிக் குறிப்புல பேர் பார்த்திருக்கேன். அங்கேர்ந்துதான் புடிச்சிருப்பா."

"கோப்புறையில பார்த்தீங்களா?"

"இல்லையில்ல. அதுக்கு முன்னாடியே, நூலகத்துல. அச்சுல."

சல்லடை நூலகத்துக்குப் போய், அட்டை கட்டிய தடித்த தொகுதி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். மூவரையும் உட்கார வைத்தார்.

"கோப்புறையில இருக்கற வெள்ளக் கட்டுரையில அந்தக் குறிப்பு இருக்கு. பதிப்பகத்தோட தளத்துல இருக்கற மூலத்துல இல்ல. யாரோ பிரதியில ஒரு வரியை ஒட்டவெச்சிருக்காங்க. அந்த வரி போய்ச் சேர ஒரு போலி ஆய்விதழையும் கட்டி, ஆய்வேடு கொடுத்த பிறகு இடிச்சிருக்காங்க."

"அவளே செஞ்சிருக்கலாமே," என்றார் நெறியாளர்.

"அவ கட்டியிருந்தா இடிப்பாளா? இருந்த ஒரே சாட்சி அதுதானே." அதிகாரி தொகுதியை மேஜைமேல் தள்ளினார். "வந்த வழியை இவ என்கிட்ட மட்டும்தான் சொன்னா. தம்பி, நான் கேக்காமலே நீங்க சொன்னீங்க. அச்சுல பார்த்ததாவும் சொன்னீங்க. இதோ அச்சு. காட்டுங்க."

அவன் புத்தகத்தைத் தொடவில்லை.

"அவளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"சரி. ஆனா எந்தக் கட்டுரையைச் சொல்லிக் காப்பாத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் பாட்டிலை மேஜைமேல் வைத்தான். குரலில் பழைய குழைவு இல்லை.

"இந்த வேலையை விட்டுக்கொடுன்னு கேட்டேன். சிரிச்சா. எதை நம்புவா, எதை நம்ப மாட்டான்னு இத்தனை வருஷமாப் பக்கத்துல உக்காந்து பார்த்தவன் நான். அவளுக்குன்னே அளவெடுத்துத் தெச்சேன்."

நெறியாளருக்கு மூச்சு வந்தது. "அப்ப ஒண்ணுமில்லம்மா. மூணாம் அத்தியாயத்தை எடுத்துட்டா மீதி நிக்கும்."

"நிக்குமா சார்?" கணவன் இப்போது மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "அவ எடுத்த கட்டுரைங்கள்ல பாதிக்கு இதழையே இழுத்து மூடிட்டாங்க. அச்சும் கிடையாது. மூலம்னு இருக்கறது நான் இறக்கி வெச்ச பிரதி மட்டும்தான்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கோப்புறையில் கட்டுரைகள் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றின் அருகிலும் அவன் பெயர். பாதியில் விரலை நிறுத்திவிட்டு, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுல எதெதுல கை வெச்சிருக்கே?"