கடைசி ஜாடி

காலை எட்டு மணிக்கு வேம்பார்க் கடலில் இறங்கியதும் பெர்னதத் மூச்சு விடுவதை நிறுத்திக்கொள்வாள். விலாவில் பொருத்தியிருந்த செயற்கைச் செவுள் மாலைவரை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவளுடைய வேலை, பழைய நூற்றாண்டின் பிளாஸ்டிக்கைப் பொறுக்கும் இயந்திர நண்டுகளை மேய்ப்பது.

அன்று எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வளைகுடாவில் மிஞ்சியிருந்த கடைசி பிளாஸ்டிக், ஓர் ஊறுகாய் ஜாடி. அதை வாங்கிக்கொள்ளக் கரையில் அமைச்சரே காத்திருந்தார்.

நண்டு கொடுக்கை நீட்டியது. ஜாடிக்குள்ளிருந்து எட்டுக் கைகள் சீறி வந்து கொடுக்கைப் பிடித்துக்கொண்டன. பேய்க்கணவாய்! ஓடித் தப்புவதுதான் அதன் வழக்கம். இது ஓடவில்லை. பெர்னதத் குனிந்து பார்த்தாள். ஜாடியின் உட்சுவரெங்கும் சரம்சரமாக முட்டைகள். உள்ளங்கை அகலமே இருந்த உடம்பு, ஒரு டன் இரும்பை எதிர்த்து நின்றது.

அவள் நண்டின் இயக்கத்தை நிறுத்தினாள்.

"என்ன புள்ள, மேளக்காரங்க வாசிக்க ஆரம்பிச்சிட்டாவ," காதுக்குள் மேற்பார்வையாளர் சவரிராயனின் குரல்.

தொண்டையில் ஒட்டியிருந்த பேச்சுவில்லை வழியே பதில் சொன்னாள்: "எடுக்க மாட்டேம்ணே. உள்ள முட்டை இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் விழியில் பதித்திருந்த படக்கண் வழியே அவரும் பார்த்தார்.

"பொரிக்க எத்தனை நாளாவும்?"

"ஒரு மாசம்."

"வேலை போயிரும் புள்ள."

"போவட்டும்ணே."

பெருமூச்சு கேட்டது. "சரி, அமைச்சர்கிட்ட நான் பேசுதேன்."

விழா தள்ளிப்போனது. அவள் கண் பார்த்ததை நாடே பார்த்தது. முப்பத்திரண்டு நாள் அந்தத் தாய் இரையைத் தொடவில்லை. முட்டைகளைத் தடவித் தடவித் தூசு துடைத்தது. நீரை ஊதி மூச்சு கொடுத்தது. நிறம் வெளுத்து, தோல் சுருங்கி, கண் பூத்துப்போன பிறகும் நிறுத்தவில்லை. மறுநாள் அரிசிமணி போன்ற குஞ்சுகள் புறப்பட்டன. கடைசிக் குஞ்சையும் ஊதி வெளியே அனுப்பிவிட்டுத்தான் அது கைகளைத் தளர்த்தியது. பத்து வருஷ வேலையில் முதல்முறையாகப் பெர்னதத் கடலுக்கடியில் அழுதாள். காலி ஜாடியை அவளே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அடுத்த மாதம், குஞ்சுகள் ஏதாவது கண்ணில் படுமா என்ற ஆசையில் அவள் இறங்கியபோது தலைக்கு மேலே வரிசையாகப் படகுகள். அந்தத் தாயை நினைத்து உருகியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பேய்க்கணவாய்களுக்கு வீடில்லையே என்ற இரக்கத்தில், எண்பது வருஷமாக மூடிக்கிடந்த பிளாஸ்டிக் ஆலையொன்றைத் தனி அனுமதி வாங்கித் திறந்து, அதே அச்சில் ஜாடிகள் வார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் ஜாடி அவள் காலடியில் வந்து விழுந்தது. மிதக்காமலிருக்க உள்ளே கல் போட்டு மூடியை இறுகத் திருகியிருந்தார்கள். மூடிமேல் அழகான எழுத்தில், 'உபயம்: பொன்னுரங்கம் குடும்பத்தார்.'