சொப்புச் சட்டியில் அரளிக்காய்

ஃபரீஹாவின் சொப்புச் சட்டியில் கிடந்த பச்சைக் காயை யாரோ வெண்டைக்காய் அரிவதுபோல மெல்லிய வில்லைகளாக அரிந்து வைத்திருந்தார்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. ஹாஜிரா மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள், மோந்து பார்த்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். நல்லவேளை, எதுவும் தின்றிருக்கவில்லை.

“யாரும்மா இத அரிஞ்சது?”

“பாப்பா.”

“எந்தப் பாப்பா?”

குழந்தை தோட்டத்தைக் காட்டியது. “சாப்புடு சாப்புடுன்னு சொல்லுது.”

ரெட்டியார்பாளையத்தில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மழை விட்ட சாயங்காலம். ஈர மண்ணும் அழுகிய பூவும் கலந்த இனிப்பு வாசனைக்கு நடுவே ஹாஜிரா முதல்முறையாக ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று பார்த்தாள். காய் வந்தது மஞ்சளாகப் பூத்திருந்த தங்க அரளியிலிருந்து. அதன் கொட்டை ஒரு குழந்தையின் இதயத்தையே நிறுத்திவிடும். அதற்குப் பக்கத்தில் ஊமத்தை. சுவரோரம் முழுக்கக் காட்டாமணக்கு. ஒரு கறிவேப்பிலைக் கன்று இல்லை, ஒரு முருங்கை இல்லை. வாயில் வைக்கக் கூடாதவை மட்டுமே இருந்தன. காயெல்லாம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கின.

கடையிலிருந்த கணவன் அப்துல் கையூமுக்குப் போன் போட்டாள்.

“செடியில கை வெக்கக் கூடாதுன்னு ஓனரு முன்னயே சொன்னாரு ஹாஜிரா. நான் வந்து பேசறேன்.”

“பேச என்னங்க இருக்கு? வெட்டப் போறேன். கேட்டா நான்தான்னு சொல்லுங்க.”

மகளை உள்ளே விட்டுக் கதவை வெளிப்பக்கம் தாழிட்டாள். கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு அரிவாளை எடுத்தாள். ஊமத்தை வேரோடு வந்தது. காட்டாமணக்கு சாய்ந்தது. எரித்தால் புகையும் ஆகாது என்று எல்லாவற்றையும் சாக்கில் திணித்தாள். அரளியில் முதல் வெட்டு விழுந்தபோது பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. அந்த அமைதியில், அடிமரத்துக்குப் பின்னால், யாரோ எதையோ அரியும் சத்தம்.

சரக். சரக்.

அவள் வெட்டினால் அது நின்றது. அவள் நிறுத்தினால் அது தொடர்ந்தது.

“யாரா இருந்தாலும் சரி, எம்புள்ளைக்கு ஊட்ட விடமாட்டேன்.” அரிவாளை மறுபடி ஓங்கினாள்.

மரம் விழுந்தது. பின்னால் யாரும் இல்லை.

வெட்டுவாயில் பால் பொங்கியது. வழிந்தது. மண்ணில் தேங்கியது. பிறகு, குறையத் தொடங்கியது.

சப். சப். குழந்தை பால் குடிக்கும் சத்தம்.

ஹாஜிரா பின்வாங்கிக் கதவில் முதுகை அழுத்திக்கொண்டாள். அரிவாளைக் கீழே போடவில்லை.

மண்ணில் ஒரு வெள்ளைக் கைத்தடம் பதிந்தது. சின்னக் கை. பக்கத்தில் ஒரு முழங்கால். இன்னொரு கை. தவழ்ந்து வந்தது. கதவை நோக்கி.

“உள்ள விடமாட்டேன். போ.”

தடம் அவள் பாதத்தருகே நின்றது.

நைட்டியின் ஓரம் கீழே இழுபட்டது. துணியில் ஐந்து வெள்ளை விரல்கள். அதற்கு மேல், அவள் முழங்காலில், இன்னும் ஐந்து.

தூக்கிக்கொள்ளச் சொல்லி, அது அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.