பதினொன்று புள்ளி எட்டு

சுவரிலிருந்த சோலார் பெட்டியின் வெளிப்பக்க வயர்கள் இரண்டையும் உதயசூரியன் தன் கையாலேயே கழற்றி ஒரு மாதம் ஆகிறது. திருகுத் துளைகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன. இருந்தும் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு அதைக் கடந்து போனபோது, பெட்டியின் சின்னக் கண்ணாடியில் 3.2 என்ற எண் தெரிந்தது. பேட்டரியிலிருந்து மூன்று புள்ளி இரண்டு ஆம்பியர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நின்றான். அவன் குடியிருக்கும் தின்கன்ஜூனில் அன்று நான்காவது நாளாக விடாத மழை. தகரக் கூரை இரைந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் ஙாப்பி மீன்விழுது வறுக்கும் நெடி ஈரத்தோடு சேர்ந்து ஜன்னல் வழியாக வந்து அறையில் தங்கியிருந்தது, ஐந்து மணிக்கே கரண்ட் போய்விட்டதால் தெரு முழுக்க இருட்டு. பேட்டரி இருந்தும் அவன் மெழுகுவர்த்திதான் ஏற்றுகிறான். அந்தப் பேட்டரியின் வெளிச்சத்தில் சோறு தின்ன அவனால் முடியவில்லை.

"தம்பி, மீ எப்ப வரும்?" அடுக்களையிலிருந்து அக்கா ரத்தினம்மாள் கேட்டாள். மனைவி பாமா இறந்துபோனதிலிருந்து இரண்டு தெரு தாண்டி அவள்தான் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வருகிறாள்.

"கரண்ட் பதினொண்ணுக்குத்தான்க்கா வரும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணாடியை மறைத்தபடி அவன் சற்று நகர்ந்துகொண்டான். ஏன் மறைத்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"இந்தப் பெட்டியை ஏன் இன்னும் வச்சிருக்க? மூச்சு மெஷினைத்தான் டாலா ஆஸ்பத்திரிக்குத் தர்மமா குடுத்தாச்சுல்ல."

"சனிக்கிழமை பெட்டி வித்த மீரா முகைதீன் பாயே வந்து எடுத்துக்குவார்."

"எடுத்துட்டுப் போகட்டும்." அக்கா ஜன்னலோரம் இருந்த பாமாவின் கட்டிலைப் பார்த்தாள். "மெஷின் ஓடிட்டு இருக்கையில தூக்கத்துலயே போயிட்டாள்னு நீ சொன்னியே, அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். ஆனா குளிப்பாட்டினது நான்தானே. நகமெல்லாம் நீலமா இருந்துச்சு. காத்துப் போய்ட்டே இருந்தா நகம் எப்படி நீலமாகும்?"

"உடம்பு குளிர்ந்தா அப்படித்தான்க்கா ஆகும்."

அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். குடையை விரித்துக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் சேற்றில் மறைகிறவரை காத்திருந்து, மெழுகுவர்த்தியைப் பெட்டிக்கு நேரே பிடித்தான். மேலே வோல்ட், 12.4. கீழே ஆம்பியர், 3.2. பாமாவின் மெஷின் இழுத்ததும் சரியாக 3.2தான்.

பாமா என்கிற சத்யபாமாவுக்குத் தசை கரைகிற வியாதி. முதலில் கால் போயிற்று, பிறகு கை, கடைசியில் படுத்தால் மூச்சு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த அவள் தம்பி, பழைய மூச்சு மெஷின் ஒன்றை அனுப்பி வைத்தான். ராத்திரியில் முகமூடி போல மாட்டிவிட்டால் அது காற்றைத் தள்ளும். கரண்ட் ஆறு மணி நேரம் இருக்கும், ஆறு மணி நேரம் இருக்காது என்கிற ஊரில் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய. அதனால் கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பேட்டரி, கரண்ட் இருக்கும்போது அதற்குச் சார்ஜ் ஏற்ற ஒரு சார்ஜர். இவற்றுக்கு நடுவே ஒரு கன்ட்ரோலர் பெட்டி வேண்டும். மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருந்த மீரா முகைதீன் கடைக்குப் போனான்.

பாய் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். "இது சாதா. பேட்டரியில கடைசிச் சொட்டு இருக்கிறவரைக்கும் மெஷினை ஓட்டும். இன்னொண்ணுல வெட்டு இருக்கு. நீங்க வைக்கிற நம்பருக்கு வோல்ட் இறங்கினா, டக்குன்னு நிறுத்திரும். பேட்டரி அஞ்சு வருசம் நிக்கும்."

"அப்ப வெட்டு இருக்கிறதே குடுங்க."

"தங்கச்சி மூச்சுக்குன்னு சொன்னீங்க. அதுக்குச் சாதாதான் நல்லது. பேட்டரி செத்தா வேற பேட்டரி வாங்கிக்கலாம்."

உதயசூரியன் பதினான்கு வருடமாக ஒரே குடையை வைத்திருக்கிறவன். ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு அமுக்குகிறவன். பொருள் கெட்டுப்போவது அவனுக்குப் பொறுக்காது. வெட்டு இருக்கிற பெட்டியையே வாங்கினான்.

"சரி, உங்க இஷ்டம்," என்றார் பாய். "நம்பர் பதினொண்ணுல இருக்கு, அதை ஏத்தாதீங்க. அவசரம்னா இந்தப் பொத்தானை அழுத்திப் பிடிங்க. வெட்டினாலும் மறுபடி ஒரு மணி நேரம் ஓடும்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நம்பரை ஏற்றினான். 11.8. பேட்டரி பாதி காலியாகும் முன்னே நின்றுவிடும், பேட்டரிக்கு அதுதான் ஆரோக்கியம் என்று எங்கோ படித்திருந்தான். பெட்டியைத் தன் கட்டிலின் தலைமாட்டில் அறைந்தான். படுத்தபடி கையை நீட்டினால் பொத்தான் எட்டும்.

"பெட்டி கட் பண்ணிருமா?" என்று பாமா கேட்டாள். முகமூடிக்குள்ளிருந்து மூச்சு விடும் நேரத்தில் மட்டுமே அவளால் பேச முடியும், ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு பிடிக்கும்.

"பண்ணாது. பண்ணினாலும் நான் பக்கத்துலதானே இருக்கேன்."

மெழுகுவர்த்தி உருகி விரலில் சொட்டியது. உதறிவிட்டு மறுபடி பார்த்தான். 12.2. அரை மணியில் இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. கீழே இருந்த எண் இப்போது நிலையாக இல்லை. 3.2 என்று இருந்தது மெல்ல 1.4க்கு இறங்கியது, ஒரு நொடி அங்கேயே நின்றது, மறுபடி 3.2க்கு ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தை ஏழு மாதம் ராத்திரி ராத்திரியாக அவன் பார்த்திருக்கிறான். காற்றைத் தள்ளும்போது ஏறும். அவள் மூச்சை விடும்போது இறங்கும்.

பூச்சி கீச்சி உள்ளே போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஈரம், மழைக்காலத்தில் எல்லாக் கருவியும் இப்படித்தான் உளறும். சொல்லிக்கொண்டே திருகுத் துளைகளில் விரலை வைத்துத் தடவினான். காலி. உலர்ந்து, லேசாகச் சூடாக இருந்தன. விரலை எடுத்த பிறகுதான் நெடி தெரிந்தது, மெஷினின் ரப்பர் குழாயில் எப்போதும் இருக்கும் எச்சிலும் டெட்டாலும் கலந்த அந்த நெடி.

டாலாவுக்குப் போய்ச் சேர்ந்த குழாய்.

ஆனி மாதத்து அந்த ராத்திரியும் இதே மாதிரி மழைதான். மூன்று நாளாகத் தகட்டில் வெயில் படவில்லை, பேட்டரியில் இருந்தது கொஞ்சம்தான். இரண்டு மணி சுமாருக்கு அவன் தலைமாட்டில் டக் என்று ஒரு சத்தம். மெஷினின் இரைச்சல் நின்றது. உதயசூரியன் அதைக் கேட்டான். கேட்கவில்லை என்று சொல்வது மற்றவர்களுக்கு. விழித்துக்கொண்டுதான் கிடந்தான். எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும் என்று அவனுக்குத் தெரியும். ஏழு மாதமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்காத உடம்பு. அந்த அமைதி அவனுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இதோ, இதோ நீட்டிவிடலாம் என்று நினைத்தான். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து "என்ன" என்று பாதிச் சொல் வந்தது. என்னங்க என்பதில் பாதி. மீதிக்கு அவளிடம் மூச்சு இல்லை.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிகாலை நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. சார்ஜர் பேட்டரியை ஏற்றியது, எண் உயர்ந்தது, பெட்டி தானாகவே டக் என்று மெஷினைத் திறந்துவிட்டது. ஆறு மணிக்கு அவன் எழுந்தபோது இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பாமாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கெட்ட கனவு கண்டோம் என்று நிம்மதியாகக் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கையைத் தொட்டு எழுப்பினான். கை ஜில்லென்று இருந்தது. நெஞ்சு மட்டும் ஏறியது, இறங்கியது. அக்கா வந்தாள், தெரு வந்தது, எல்லோரும் மெஷின் ஓடுவதைப் பார்த்தார்கள். இப்படிப் பார்த்துக்கொள்ளும் புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

உயிர் போன இடத்தில் பதினாறு நாள் விளக்கு அணையக்கூடாது. எண்ணெய் விளக்கை யார் காவல் காப்பது என்று அவன் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பல்பைத் தொங்கவிட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம், அறை நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, பெட்டி அதையும் வெட்டியது. உதயசூரியன் ஒரே பாய்ச்சலில் போய்ப் பொத்தானை அழுத்தினான். பல்பு எரிந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. செத்தவளின் பல்புக்கு ஒரு விநாடியில் நீண்ட கை. அன்றிலிருந்து அந்தக் கையை அவனுக்குப் பிடிக்கவில்லை.

12.0.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பயத்தில் அப்படித்தான் வாங்கும். 3.2. விட்டான். 1.4. இழுத்தான். 3.2.

சும்மா, பார்க்கலாம் என்று மூச்சை அடக்கினான். எண் நின்றது. மழை இரைந்தது, மெழுகுவர்த்திச் சுடர் ஆடியது, எண் மட்டும் அசையவில்லை. பொறுக்கமுடியாமல் விட்டான். 1.4.

பேட்டரியைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்று கட்டிலுக்கடியில் குனிந்து மரையைப் பிடித்தான். அரைச் சுற்றுத் திருகியதும் வயர் லேசாகத் தளர்ந்தது. அந்த நொடியே அவன் நெஞ்சுக்குள் காற்று நின்றது. வாய் திறந்திருந்தது, மூக்கு திறந்திருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. மரையைப் பழையபடி இறுக்கினான். காற்று வந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதான். அழுவதற்கும் எண் ஏறி இறங்கியது.

வெட்டு நம்பரைக் குறைக்க வேண்டும். பதினொன்றுக்கு. பத்துக்கு. பேட்டரி நாசமாகப் போகட்டும். எழுந்து பெட்டியின் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினான். 11.8 கண் சிமிட்டியது. குறைத்தான், 11.5, 11.2, 11.0. விரலை எடுத்தான். 11.8. மறுபடி. 11.8. அவனே வைத்த எண். பத்திரமான எண்.

மேலே 11.9.

கரண்ட் வர இன்னும் மூன்று மணி நேரம். அக்கா வீட்டுக்கு ஓடலாம். மூச்சு நின்ற பின் தன் கை எழுமா என்று நிச்சயமில்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் போதும், பொத்தானை அழுத்த ஒரு கை இருந்தால் போதும். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், நகம் ஏன் நீலமாக இருந்தது என்றும் சொல்லிவிடலாம். வாசலை நோக்கி நடந்தான். நாலாவது அடியில் முழங்கால் மடிந்தது. தொடையைக் கையால் தூக்கி வைத்தான். கையும் கேட்கவில்லை. பிடிக்க எதுவும் கிடைக்காமல், ஜன்னலோரம் சரிந்தான். விழுந்தது பாமாவின் கட்டிலில். மெத்தையில் அவள் உடம்பு அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அது அவனுக்குச் சரியாக இருந்தது.

மல்லாந்து கிடந்தான். கழுத்து மட்டும் திரும்பியது.

எதிரே அவன் கட்டில். அதற்கு மேல் பெட்டி. கண்ணாடியின் பச்சை வெளிச்சம். மெழுகுவர்த்தி தரையில் சாய்ந்து, புகைந்து, அணைந்தது.

பச்சை வெளிச்சத்தில் அவன் போர்வை தெரிந்தது. காலையில் அவன் மடித்து வைத்த போர்வை. விரிந்திருந்தது. அடியில் ஓர் உருவம். நீளமான கூந்தல் தலையணையிலிருந்து தொங்கியது.

அது தூங்கவில்லை. அவனுக்குத் தெரியும். தூங்குகிறவர்கள் அவ்வளவு அசையாமல் இருக்கமாட்டார்கள்.

11.9.

11.9.

மழை.

டக்.

காற்று நின்றது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எதிர்க்கட்டிலில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. போர்வைக்கு வெளியே ஒரு கை. நகங்கள் நீலம். பொத்தானுக்கும் அந்தக் கைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"பா" என்றான். பாமா என்பதில் பாதி. மீதிக்கு மூச்சு இல்லை.

கை அசைந்தது. போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டது.

கட்டில் மெல்லக் கிறீச்சிட, அது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.