எண்பது கிலோ மூட்டை

வெள்ளி, காலை 9.10. திண்டிவனம். தேவயானி அக்காவின் செயலி திறக்கவில்லை.

அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் நான் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கடவுச்சொல்லைத் தப்பாகத் தட்டுகிறேனோ என்று நான்கு முறை தட்டிப் பார்த்தேன். தப்பில்லை. யாரோ பூட்டியிருந்தார்கள்.

9.25. ஹரீஷிடமிருந்து ஒரு வரி: வேலையை விடுகிறேன். பெங்களூரிலிருந்து எங்களுக்கு நிரல் எழுதியவர் அவர். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஏற்பாடு செய்தவர் எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர் ஆனந்தராஜ். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார்.

கையிலிருக்கும் மூட்டைகளுக்குத் திண்டிவனத்தில் என்ன விலை கிடைக்கும், விழுப்புரத்தில் என்ன கிடைக்கும் என்று விவசாயிக்குச் சொல்லும் செயலி அது. திங்கட்கிழமை பிரம்மதேசத்தில் இருநூறு பேர் முன்னால் காட்டியாக வேண்டும்.

9.40. ஆனந்தராஜ் போனில் பேசினார். "பேஜாரு பண்ணிட்டான்மா. புது டீம் புடிச்சித் தரேன். ஆனா கம்பெனில பாதி எம் பேருக்கு வரணும். சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

அக்கா போனை மேசையில் வைத்தார். "எட்டு மாசமா ஆள் தேடிக்கினு இருக்கேன். வர்றவன் சென்னைக்கு ஓடறான், இல்லன்னா பாதி கம்பெனி கேக்கறான். வா கலையரசி, குடுத்துத் தொலைக்கலாம்."

3.45. பேருந்தில் என் நோட்டைப் பிரித்தேன். திண்டிவனத்தில் கணக்கியல் மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எதையும் தேதி, நேரத்தோடு எழுதிவைப்பேன். ஹரீஷ் அனுப்பிய மாற்றங்கள் எல்லாமே திங்கள், புதன், வெள்ளி. மாலை ஆறிலிருந்து எட்டுக்குள். நவம்பரில் ஒரு வாரம் மட்டும் ஒன்றுமில்லை. அந்த வாரம் நான் எழுதியிருந்தது: விழுப்புரத்தில் வெள்ளம், பஸ் இல்லை.

தற்செயலாக இருக்கலாம். எதையாவது எதோடாவது முடிச்சுப் போடுவது என் வழக்கம்.

விக்கிரவாண்டி தாண்டும்போது செயலியின் பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அக்காவிடம் காட்டினேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை 80 கிலோ. நெல் மூட்டை 75 கிலோ.

"இந்த எடைய நீங்க எழுதிக் குடுத்தீங்களாக்கா?"

"இல்லையே. ஏன், சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

5.00. விழுப்புரம். ஆனந்தராஜ் பத்திரத்தை நீட்டினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை: மாலை வகுப்பு, திங்கள், புதன், வெள்ளி, 6 முதல் 8 வரை.

"சார், ஹரீஷ் எந்த ஊரு?"

"பெங்களூருதாம்மா. பொறந்து வளந்தது எல்லாம் அங்கதான்."

"தமிழ் தெரியுமா?"

"சுத்தமா தெரியாது."

"மல்லாட்டை?"

"வறுத்ததப் பாத்திருப்பான்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"அப்ப எம்பது கிலோன்னு அவருக்கு யாரு சொன்னது சார்? நாங்க உங்ககிட்ட எழுதிக் குடுத்த பேப்பர்ல மூட்டைன்னுதான் இருந்துச்சு. எடையே போடல. நம்ம ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே, எதுக்கு எழுதணும்னு விட்டுட்டோம். ஆப்ல சரியா வந்ததால எங்களுக்கு உறுத்தவும் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது.

"இங்க வகுப்பு நடக்கற நேரத்துலதான் ஹரீஷ் வேலை செஞ்சாரு. இங்க வெள்ளம் வந்தப்ப அவரும் லீவு. ஹரீஷ்னு யாரும் இல்ல சார். உங்க மாணவங்கள வெச்சி எழுத வெச்சீங்க. இன்னைக்குக் காலைல பூட்டினதும் நீங்கதான்."

"நிரூபிக்க முடியுமா?"

முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு பெண் கதவைத் தட்டினாள். பெயர் ஆர்த்தி என்றும் பனமலைக் கிராமத்துக்காரி என்றும் பிறகு தெரிந்தது.

"சார், கிளாஸ் ரூம் சாவி."

நான் திரும்பி அவளைக் கேட்டேன். "மல்லாட்டை ஒரு மூட்டை எத்தினி கிலோ?"

"எம்பது. ஏங்க்கா?"

"அத எதுலயாவது எழுதினியா?"

"பிராஜெக்ட்லங்க்கா. சார் குடுத்த பேப்பர்ல மூட்டைன்னு மட்டும் இருந்துச்சு. எடை இல்லாம கணக்கு எப்படி வரும்? நானே போட்டுக்கினேன்."

ஆனந்தராஜ் பத்திரத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அந்த பிராஜெக்ட் இப்ப எங்கம்மா இருக்கு?"

"முழுசும் என் பென்டிரைவ்ல இருக்கு. சார் இன்னும் மார்க்கே போடலங்க்கா."

"நான் போடறேன்" என்றார் அக்கா. "திங்கக்கிழமை காலைல திண்டிவனம் வந்துடறியா?"